கருத்து ஜோமார்த் கட்டிய ஐஸ் மலை

சரிபுலாக் ஊர்க்காரர்களான எங்களுக்கு மழை குறைவு, மேய்ச்சல் குறைவு, வருமானமும் குறைவு. குறை சொல்வதில் மட்டும் ஒரு குறையும் வைக்க மாட்டோம். காலையில் பச்சைத் தேநீரோடு ஆரம்பிப்போம். தலைநகரத்தில் இருப்பவர்களைத் திட்டுவோம், ஓஷ் நகரச் சந்தையில் எடை போடுகிறவர்களைத் திட்டுவோம், வேறு யாரும் அகப்படாத நாளில் வானத்தைத் திட்டுவோம். தேநீர் தீர்ந்ததும் இரண்டு கைகளாலும் முகத்தைத் தடவி, அப்படியே ஆகட்டும் என்று அர்த்தமாகும் 'ஓமின்' சொல்லிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போய்விடுவோம். ஊரே இதில் கில்லாடி என்றாலும், எங்கள் எல்லோரையும் ஓரங்கட்டிவிட்டு முன்னால் நின்றவன் ஜோமார்த்.

ஜோமார்த் என்றால் எங்கள் மொழியில் வாரி வழங்குகிறவன் என்று பொருள். இருபத்துநான்கு வயதுவரை அவன் வாரி வழங்கியதெல்லாம் கருத்துதான். அதனால் ஊரில் அவன் பெயரே கருத்து ஜோமார்த். பிழைப்புக்கு உடைந்த கைபேசிகளுக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுப்பான். மற்ற நேரமெல்லாம் கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்து மேட்டில்தான் கிடப்பான். ஊரில் சிக்னல் கிடைப்பது அங்கே மட்டும்தான். செத்தவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, உயிரோடு இருக்கும் உலகத்துக்கெல்லாம் புத்தி சொல்வான். கடலில் பிளாஸ்டிக், எரியும் காடு, தென்துருவத்துப் பனி என்று எதையும் விட்டுவைக்கவில்லை.

தென்துருவத்தில் எவ்வளவு பனி உருகியது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆனால் அவன் தலைக்கு மேலே, எங்கள் ஊருக்குத் தண்ணீர் தந்த பனிமலை பாதியாகிப்போனது, யாரோ ஒரு வெளிநாட்டுக்காரர் எடுத்துப் போட்ட படத்தைப் பார்த்துத்தான் அவனுக்குத் தெரியவந்தது. அந்தப் படத்துக்குக் கீழேயும், "இவ்வளவு நாளாக இந்த ஊர்க்காரர்கள் என்ன கிழித்துக்கொண்டிருந்தார்கள்?" என்று ஆவேசமாக எழுதினான். எழுதி அனுப்பிய பிறகுதான் படத்தின் ஓரத்தில் தெரிந்த நீலக் கூரை தன்னுடைய வீடு என்று கவனித்தான். இது நான் இட்டுக்கட்டியதில்லை. அவனே கல்யாண வீடுகளில் எழுந்து நின்று சொல்லிச் சிரிக்க வைக்கும் கதை.

அவனைச் சின்ன வயதிலிருந்து வளர்த்தது அண்ணன் எர்மெக். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, ஊர் மாடுகளை மேய்த்துத் தம்பிக்குச் சோறு போட்டவன். உயர மலையில் பனி விலகும்வரை, வசந்த காலத்தில் எங்கள் மாடுகள் தாஷ்கொரோ என்ற மேய்ச்சல் நிலத்தில்தான் நிற்கும். அங்கே இருந்த ஊற்று சில வருடங்களாக மே முடிவதற்குள் வற்றிப்போகிறது. போன வருடம் மாடுகள் விலா எலும்பு தெரிய நின்றதைப் பார்க்கச் சகிக்கவில்லை.

அக்டோபரில் ஒருநாள் சாப்பாட்டின்போது எர்மெக் விஷயத்தைப் போட்டு உடைத்தான்.

"இந்தக் குளிர்காலம் முடியட்டும். ஜூன்ல நான் மாஸ்கோ போறேன். நம்ம ஊர் ஆளுங்க அங்க குடோன்ல மூட்டை தூக்குறாங்க. எனக்கும் ஒரு இடம் சொல்லி வெச்சிருக்காங்க."

அவன் மனைவி குலாய்ம் கிண்ணத்தை வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. இந்த ஊரிலிருந்து போனவர்கள் எத்தனை பேர் திரும்பினார்கள் என்று ஜோமார்த்துக்குத் தெரியும். ஆனால் துக்கம் வந்தாலும் அவனுக்குக் கருத்தாகத்தான் வரும்.

"இதுக்கெல்லாம் யார் காரணம் தெரியுமாண்ணே? பணக்கார நாட்டுக்காரன் புகை விடுறான், நம்ம மலை உருகுது. அவனுங்களை நிக்க வெச்சுக் கேள்வி கேக்கணும். நான் நேத்தே நல்லா எழுதி விட்டுட்டேன்."

"எழுதிட்டியா? என்ன பதில் வந்துச்சு?"

"முப்பது பேர் கைதட்டியிருக்காங்க."

"அந்த முப்பது பேரையும் ஆளுக்கு ஒரு வாளித் தண்ணியோட தாஷ்கொரோவுக்கு வரச் சொல்லு. நான் போகல."

ஜோமார்த்துக்குச் சுருக்கென்று குத்தியது. "ஜூன்ல அங்க தண்ணி ஓடும். நான் ஓட வெக்கிறேன்!" என்று கத்திவிட்டான்.

"ஓடட்டும்டா. மாடு குடிச்சு மீதி வெக்கிற அளவுக்குத் தண்ணி வந்தா, எனக்கென்ன பைத்தியமா அந்தக் குடோன்ல போய் முதுகு ஒடிய?"

அதுவரை அவன் பேசியது எதையும் யாரும் செய்து காட்டு என்று கேட்டதில்லை. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம் என்று அன்றுதான் முதல்முறையாக நினைத்தான்.

மறுநாள் மேட்டில் உட்கார்ந்து தேடித் தேடி ஒரு வழி கண்டுபிடித்தான். மலைக்கு அந்தப் பக்கம் சில ஊர்களில் ஐஸ் மலை கட்டுகிறார்களாம். குளிர்காலத்தில் மேல் ஓடையில் யாருக்கும் பயனில்லாமல் ஓடும் தண்ணீரைக் குழாயில் கீழே கொண்டுவந்து, குழாயின் முனையை நேராக நிமிர்த்தி வைத்தால், பீய்ச்சும் தண்ணீர் குளிரில் உறைந்து குவியும். கோடை வரும்போது அது மெல்ல உருகி ஓடும். செலவில்லை. பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் கூட்டுப்பண்ணைக் காலத்துக் குழாய்கள் துருப்பிடித்துக் கிடந்தன. குழாய்க்குள் தண்ணீர் உறையாமல் இருக்க, மேல் ஓடையிலிருந்து தாஷ்கொரோவரை ஆழமாகத் தோண்டிப் புதைக்க வேண்டும். அவ்வளவுதான். ஜோமார்த்துக்கு எதுவும் 'அவ்வளவுதான்'.

கூட்டாளிகள் மூன்று பேர் சேர்ந்தார்கள். ஊர்க் கடையில் நிற்கும் சோல்பான், மாவு மூட்டையை ஒற்றைத் தோளில் தூக்குகிறவள். மற்ற இருவர் அசான், ஊசோன் என்ற இரட்டையர். ஒருவன் செய்வதைப் பார்த்துத்தான் இன்னொருவன் செய்வான் என்பதால் அவர்களை ஒன்றரை ஆள் என்று கணக்கு வைப்போம்.

நான்கு பேரால் ஆகிற வேலையில்லை என்பதால் ஜோமார்த் அஷார் கூப்பிட்டான். யாராவது வீடு கட்டினால், வைக்கோல் ஏற்றினால், ஊரே கூலியில்லாமல் வந்து கை கொடுக்கும். அதுதான் அஷார். வேலை முடிந்ததும் கூப்பிட்டவர் கறி போடுவார். இத்தனை தலைமுறையாக யாரும் மாற்ற நினைக்காத இந்த முறையை ஜோமார்த் மாற்ற நினைத்தான். கருத்து ஜோமார்த்தை நம்பி யார் மண்வெட்டி தூக்கிக்கொண்டு வருவார்கள் என்ற பயம்தான் உண்மையான காரணம். அதை அவன் வெளியே சொல்லவில்லை.

"முதல்ல கறி, அப்புறம் வேலை," என்றான்.

"வேலை முடிஞ்சுதானே கறி போடுவாங்க?" என்றாள் சோல்பான்.

"அது பழைய முறை. வெளிநாட்டுல வயித்தை நிரப்பிட்டுத்தான் வேலைக்கு இறங்குறாங்க. வயிறு நிறைஞ்சா கை தானா வேலை செய்யும்."

"நம்ம ஊர்ல வயிறு நிறைஞ்சா கண்ணு தானா மூடும்."

அவன் கேட்கவில்லை. அண்ணனுடைய நல்ல கிடாவைக் கேட்டு வாங்கி அறுத்தான். கறி முதலில் என்ற சேதி பரவியதும் தாஷ்கொரோவுக்கு ஊரே திரண்டது. எல்லோர் கையிலும் கடப்பாரை, மண்வெட்டி. கொதிக்கும் சாறும் கறியும் காலியாயின. கடைசியில் ஊரின் மூத்தவரான காசிமாலியின் கையைப் பிடித்து, "தாத்தா, ஆசி கொடுங்க," என்று ஜோமார்த்தே கேட்டான்.

காசிமாலி ஆசி கொடுக்க ஆரம்பித்தால் சீக்கிரம் நிறுத்த மாட்டார். இரண்டு கைகளையும் விரித்தார்.

"இந்தப் பிள்ளைங்க கட்டுற ஐஸ் வானத்தைத் தொடட்டும். தண்ணி பெருகட்டும், மாடு கன்னு பெருகட்டும். போனவங்க திரும்பட்டும், இருக்கிறவங்க இருக்கட்டும். இந்த ஜோமார்த்துக்கும் ஒரு புத்தியுள்ள பொண்ணு கிடைக்கட்டும். ஓமின்!"

"ஓமின்!" என்று நாங்கள் எல்லோரும் முகத்தைத் தடவினோம். தடவிய கையோடு எழுந்தோம். அவரவர் கடப்பாரையை எடுத்தோம். ஜோமார்த்தின் கையைக் குலுக்கி, "நல்ல கறி தம்பி," என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். ஏமாற்ற வேண்டும் என்று ஒருவருக்கும் எண்ணமில்லை. கறிக்குப் பின் ஓமின் சொன்னால் கூட்டம் முடிந்தது. அதற்குப் பிறகும் அங்கே நிற்பது மரியாதை தெரியாதவன் செய்கிற காரியம். எங்களுக்கு மரியாதை ரொம்ப முக்கியம்.

ஜோமார்த் பெரியவரின் பின்னாலேயே ஓடினான்.

"தாத்தா, வேலை கெடக்கு!"

"என்ன வேலை?"

"தோண்டணுமே!"

"டேய், ஓமின் சொல்லியாச்சேடா. நீதானே கையைப் பிடிச்சு ஆசி கேட்டே? சொன்னா முடிஞ்சுது. வேணும்னா இன்னொரு நாள் திரும்பக் கூப்பிடு."

"திரும்பக் கூப்பிட்டா?"

"திரும்ப ஒரு கிடா."

பள்ளத்தாக்கில் நான்கு பேரும் ஒரு அண்டா எலும்பும் மிஞ்சினார்கள். ஜோமார்த்துக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. கைபேசியை எடுத்து ஊர்க் குழுவுக்கு எழுத ஆரம்பித்தான். "தின்ன மட்டும் தெரிந்த இந்த ஊர் எந்தக் காலத்திலும் உருப்படாது" என்று தொடங்கி, நன்றாகக் காரமாக, நீளமாக எழுதினான். அனுப்பினான். போகவில்லை. கையை உயர்த்திப் பார்த்தான், பாறைமேல் ஏறிப் பார்த்தான், அப்போதும் போகவில்லை. தாஷ்கொரோவில் சிக்னல் கிடையாது.

"அனுப்பு அனுப்பு. நான் அதுக்குள்ள தோண்டுறேன்," என்று சோல்பான் மண்வெட்டியைப் போட்டாள். அவளைப் பார்த்து அசான் தோண்டினான். அசானைப் பார்த்து ஊசோன் தோண்டினான்.

சும்மா நிற்கக் கூச்சமாக இருந்ததால் ஜோமார்த்தும் கடப்பாரையை எடுத்தான். பிற்காலத்தில் பக்கத்து ஊர்ப் பையன்கள் வந்து, "அண்ணே, உலகத்துக்கு ஏதாவது செய்யணும்னு உங்களுக்கு எப்படித் தோணுச்சு?" என்று பயபக்தியோடு கேட்கும்போது, "சிக்னல் இல்லடா," என்பான். அவர்கள் சிரிப்பார்கள். அவன் உண்மையைத்தான் சொல்கிறான்.

அன்று வீட்டுக்கு வந்தபோது எர்மெக் காலியான கிடாப் பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றான். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று ஜோமார்த்துக்கு இருந்தது.

தினமும் போனார்கள். நவம்பர் மண் கல்லாக இறுகிக் கிடந்தது. எருவட்டியைக் குவித்துக் கொளுத்தி, இளகிய மண்ணை மட்டும் தோண்டி, மறுபடி கொளுத்தினார்கள். ஜோமார்த்தின் உள்ளங்கை கைபேசியைத் தவிர எதையும் பிடித்துப் பழகாதது. கொப்புளம் வெடித்து, ராத்திரி ரொட்டியைப் பிய்க்க முடியாமல் அண்ணியிடம் நீட்டினான். இந்த வேகத்தில் போனால் அடுத்த குளிர்காலத்துக்குத்தான் குழாய் இறங்கும் என்று நான்கு பேருக்கும் தெரிந்தது.

சோல்பான்தான் ஒருநாள் கடையைச் சாத்திவிட்டுக் காசிமாலி வீட்டுக்குப் போனாள். மரியாதையாகத் தேநீர் குடித்தாள். உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். கிளம்பும்போது கவலையோடு சொன்னாள்.

"தாத்தா, மனசுக்குக் கஷ்டமா இருக்கு. ஊர்ல ஏதேதோ பேசிக்கிறாங்க."

"என்ன பேசுறாங்க?"

"நீங்க ஐஸ் வானத்தைத் தொடட்டும்னு சொன்னீங்க. இங்க பள்ளமே இன்னும் முழங்காலைத் தாண்டல. காசிமாலி தாத்தாவோட ஆசி முன்ன மாதிரி பலிக்கிறதில்லன்னு... நான் நம்பல தாத்தா. சும்மா காதுல விழுந்துச்சு."

அப்படி யாரும் பேசவில்லை. ஆனால் மறுநாள் விடிந்ததும் காசிமாலி தானே கடப்பாரையோடு தாஷ்கொரோவில் வந்து நின்றார். பின்னால் அவருடைய நான்கு மகன்கள், மருமகன்கள், பேரன்கள். பெரியவரே தோண்டும்போது வீட்டில் உட்கார்ந்து தேநீர் குடிக்க எங்களுக்கு முகம் ஏது? கிடா இல்லாமலேயே ஊர் வந்து சேர்ந்தது. ஒருவரும் மறந்தும் ஓமின் சொல்லாமல் ஜோமார்த் நாள் முழுவதும் காவல் காத்தான்.

டிசம்பரில் குழாய் இறங்கியது. நிமிர்த்தி வைத்த முனையிலிருந்து தண்ணீர் பீய்ச்சியது. முதல் வாரம் வந்தது ஒரு ஐஸ் கட்டி, அவ்வளவே. பிறகு அது வளர்ந்தது. முனை அடிக்கடி உறைந்து அடைத்துக்கொள்ளும். ஜோமார்த் விடிகாலையில் ஏணி வைத்து ஏறிச் சுத்தியலால் தட்டுவான். ஒருநாள் தட்டியதும் தண்ணீர் அவன்மேலேயே கொட்டி, கால்சட்டை ஏணியோடு சேர்ந்து உறைந்துவிட்டது. கால்சட்டையை அங்கேயே விட்டுவிட்டு இறங்கி, ஊசோனுடைய கோட்டைச் சுற்றிக்கொண்டு ஊருக்குள் ஓடிவந்தான். அந்தக் கால்சட்டை பிப்ரவரிவரை ஐஸுக்குள் தெரிந்துகொண்டே இருந்தது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம்.

மார்ச்சில் ஐஸ் மலை பள்ளிக்கூடக் கூரையைவிட உயரமாக நின்றது. கொஞ்சம் கோணல்தான். ஊர் உடனே வேலையை ஆரம்பித்தது. "ஏன்டா சாய்ஞ்சிருக்கு?" "இன்னும் அந்தப் பக்கம் தள்ளிக் கட்டியிருந்தா எங்க வீட்டுல இருந்து தெரிஞ்சிருக்கும்." "வெள்ளையா இருக்கும்னு பார்த்தா அழுக்கா இருக்கே?" ஜோமார்த் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தான். தன்னுடைய குரலை வெளியே இருந்து கேட்பது அவனுக்கு அதுதான் முதல்முறை. இவ்வளவு எரிச்சலாக இருக்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

மே கடைசியில் ஊற்று வழக்கம்போல் வற்றியது. ஐஸ் உருகி ஓட ஆரம்பித்தது. ஜோமார்த் தானே வாய்க்கால் வெட்டித் தண்ணீரை மாடுகள் குடிக்கும் கல்தொட்டிக்குத் திருப்பினான். தண்ணீர் வந்தது என்னவோ உண்மை. ஆனால் பாதி வழியிலேயே பரவிச் சேறாகிவிட்டது. தொட்டிக்கு வந்து சேர்ந்தது ஒரு கையளவு. மாடுகள் சேற்றில் நின்றுகொண்டு நக்கின. எர்மெக் வந்து தொட்டியை மட்டும் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினான். வீட்டில் அவன் பை தயாராகத்தான் இருந்தது. ஓஷிலிருந்து விமானத்துக்கு டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. போகாதே என்று கேட்க ஜோமார்த்துக்கு வாய் வரவில்லை. எந்த முகத்தோடு கேட்பது? மீதி வைக்கிற அளவுக்குத் தண்ணீர் என்பதுதானே பேச்சு.

புறப்படும் நாள் வாடகைக் காரில் அண்ணனை வழியனுப்ப அவனும் ஏறிக்கொண்டான். பின்னால் வேறு இரண்டு பெண்கள் ஓஷுக்குப் போக உட்கார்ந்திருந்தார்கள். கார் தாஷ்கொரோவைத் தாண்டும்போது எர்மெக் ஓட்டுநரின் தோளைத் தட்டினான்.

"ஒரு நிமிஷம் நிறுத்து. மாட்டைப் பார்த்துட்டு வந்துடறேன்."

கல்யாணத்துக்கு வாங்கிய காலணியோடு சேற்றின் ஓரத்தில் நின்று பார்த்தான். அவன் முகம் சிவந்தது.

"எந்த மடையன்டா இந்த வாய்க்காலை வெட்டினது?"

"நான்தாண்ணே."

"மேட்டு மேலயே வெட்டி வெச்சிருக்கே! தண்ணி பரவாம என்ன செய்யும்? இவ்வளவு தண்ணியும் வீணாப் போகுது பாரு. ஆறு மாசம் உசிரை விட்டுக் கட்டினது மலை, கொண்டுவந்து சேர்க்கத் தெரியல. மண்வெட்டி எங்க?"

ஜோமார்த்துக்குச் சொல்ல நிறைய இருந்தது. பாறை இருந்தது, ஆள் இல்லை, யாரும் சொல்லித் தரவில்லை, ஊர் ஒத்துழைக்கவில்லை. ஒன்றையும் சொல்லாமல் மண்வெட்டியை எடுத்துக் கொடுத்தான்.

எர்மெக் கால்சட்டையைக்கூட மடிக்கவில்லை. சரிவின் அடியில் புதிதாகக் கீறிக்கொண்டே போனான். "இங்க கல்லு போடு... அங்க இல்ல, இங்க... கண்ணு எங்க வெச்சிருக்கே?" கார் ஒலி எழுப்பியது. மறுபடி எழுப்பியது.

"யோவ், விமானம் உனக்காக நிக்குமா?" என்று ஓட்டுநர் கத்தினான்.

"இரு! இதைப் பாதியில விட்டுட்டு எவன் போவான்?" என்று எர்மெக் நிமிராமலே கத்தினான்.

ஜோமார்த் காரை நோக்கி நடந்தான். பின்கதவைத் திறந்து அண்ணனுடைய பையை இறக்கிக் கீழே வைத்தான்.

"அப்ப அவர் வரலையா?" என்றான் ஓட்டுநர்.

"தெரியல. ஆனா பை வரல."

கார் போய்விட்டது. அவன் திரும்பிப்போய்க் கல் சுமந்தான். பொழுது சாயும்போது தண்ணீர் ஒரே ஓட்டமாகத் தொட்டிக்கு வந்தது. மாடுகள் முண்டியடித்துக் குடித்தன. கடைசிப் பசு தலையைத் தூக்கி, மூக்கிலிருந்து சொட்டச் சொட்ட நகர்ந்த பிறகும் தொட்டி நிறைந்தே இருந்தது. எர்மெக் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு சாலையைப் பார்த்தான்.

"கார் எங்கடா?"

"போயிடுச்சுண்ணே."

"என் பை?"

"இங்கதான் இருக்கு."

எர்மெக் மண்வெட்டியைத் தம்பியிடம் நீட்டினான். "நாளைக்கு இந்தக் கரையை இன்னும் உசத்தணும்," என்று சொல்லிவிட்டுப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர்ப் பக்கம் நடந்தான்.

எங்கள் பக்கம் தூரதேசம் போகிறவர் புறப்படும்போது ரொட்டியில் ஒரு கடி கடித்துவிட்டுப் போவார். மீதி ரொட்டியைத் துணியில் சுற்றி வீட்டுச் சுவரில் மாட்டி வைப்போம், அவர் திரும்பிவந்து தின்பதற்காக. எங்கள் ஊரில் அப்படித் தொங்கும் ரொட்டி இல்லாத வீடு குறைவு. பல வீடுகளில் அது கல்லாகிவிட்டது. யாரும் அதைக் கழற்றுவதில்லை, அதைப் பற்றிப் பேசுவதும் இல்லை. எல்லாவற்றையும் குறை சொல்லும் நாங்கள் வாய் திறக்காத ஒரே விஷயம் அதுதான்.

குலாய்ம் கதவருகே நின்றிருந்தாள். சேறும் சகதியுமாக வந்த கணவனைப் பார்த்தாள். உள்ளே போய், காலையில்தான் ஆணியில் மாட்டிய துணியை அவிழ்த்து, ஒரு கடி குறைந்த ரொட்டியைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். எர்மெக் அதைப் பிய்த்துத் தம்பிக்குப் பாதி கொடுத்துவிட்டு, தேநீரில் நனைத்துத் தின்றான்.

"காலையில சுட்டது, அதுக்குள்ள காஞ்சுபோச்சு," என்று முணுமுணுத்தான்.

ஜோமார்த்தும் தின்றான். அதைப் பற்றி அவனுக்கு ஒரு கருத்தும் தோன்றவில்லை.